பிடியரிசியும் பத்துக் கிலோமீட்டரும்

(ஆஸ்பத்திரி நிதிக்கான ஓட்டத்தின் பயிற்சி தொடங்குவதற்கு முந்தின மாலையில் ஆற்றிய சொற்பொழிவு)



ஓட்டத்தைப் பற்றிப் பேசுவது ஓடுவதைக் காட்டிலும் எவ்வளவோ சுலபமான காரியம் என்பதை இந்த மேடையில் ஏறி நின்றதுமே உணர்ந்துகொண்டேன். வருகிற ஜனவரி மாதத்தில் நம் வட்டாரத்து அன்பர்கள் நூறு பேர், ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவுக்கு நிதி திரட்டும் உத்தேசத்தோடு, கடற்கரைச் சாலையில் பத்துக் கிலோமீட்டர் ஓடுவதென்று சங்கல்பம் செய்துகொண்டிருக்கிறார்கள். அதற்கான பயிற்சி நாளைக் காலையில் ஆரம்பமாகிறது. அதற்கு முன்னுரையாக நாலு வார்த்தை சொல்லும்படி, சென்ற ஆண்டு இதே ஓட்டத்தில் கடைசிக்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்தவன் என்கிற ஒரே தகுதியை முன்னிட்டு, என்னை அழைத்திருக்கிறார்கள். முதலில் வந்தவரை அழைத்திருந்தால் அவர் வேகத்தைப் பற்றிப் பேசியிருப்பார். கடைசி வரிசையில் வந்தவனுக்குப் பயிற்சியைப் பற்றித்தான் பேசத் தெரியும்.

இந்தக் கூட்டத்துக்குப் புறப்படும்போது, என் வீட்டுத் திண்ணையில் தினமும் பத்திரிகை படிக்க வருகிற பழைய நண்பர் ஒருவர் என்னை ஒரு கேள்வி கேட்டார். "ஆஸ்பத்திரிக்குப் பணம் வேண்டுமென்றால் ஆளுக்குக் கொஞ்சம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாமே, ஐயா! அதற்காக நீர் எதற்கு விடியற்காலையில் எழுந்து மூச்சிறைக்க வேண்டும்? நீர் ஓடினால் அங்கே ஒரு குழந்தைக்கு ஜுரம் இறங்குமா?" என்றார். நியாயமான கேள்வி. பரிகாசமாகக் கேட்கப்பட்டாலும் பரிகாசமாகப் பதில் சொல்லித் தள்ளிவிடக் கூடாத கேள்வி. இன்று நான் பேசப்போவதெல்லாம் அவருக்குச் சொல்லும் பதில்தான்.

பதிலை என் பாட்டியின் சமையலறையிலிருந்து ஆரம்பிக்கிறேன். உலை கொதித்து, அரிசியைப் படியில் அளந்து, களைந்து போடுவதற்கு முன்னால், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து அடுப்பு மூலையில் இருந்த ஒரு சின்ன மண் கலயத்தில் போடுவது அவளுடைய வழக்கம். மாதக் கடைசியில் ஒருவர் கோணிப்பையோடு வருவார். தெருவிலுள்ள வீடுகளிலெல்லாம் அந்தக் கலயங்களைக் கவிழ்த்துக்கொண்டு போவார். பிடியரிசி என்று அதற்குப் பெயர். பள்ளிக்கூடத்துக்கும், கோயில் திருப்பணிக்கும், அநாதைப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் அந்த அரிசி போய்ச் சேர்ந்த காலம் இந்த நாட்டில் உண்டு. சிறுவனாக இருந்த நான் அதில் கவனித்த விஷயங்கள் இரண்டு. சாப்பிட்டது போக மிஞ்சியதை அவள் ஒருநாளும் கலயத்தில் போட்டதில்லை; உலைக்குப் போவதற்கு முன்பே தருமத்தின் பங்கு தனியே எடுக்கப்பட்டுவிடும். அந்த ஒரு பிடி குறைந்ததனால் எங்களில் யாருக்கும் அன்று வயிறு வாடியதும் இல்லை. இலையில் குறைந்தது தெரியாது, கலயம் நிறைந்தது மட்டும் தெரியும்.

இந்தப் பிடியரிசியை ஒரு மனிதர் தம்முடைய ஒற்றைக் காலால் எடுத்து வைத்த கதையை இனிச் சொல்கிறேன். கனடா தேசத்தில் 1958-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் தேதி வின்னிபெக் நகரில் பிறந்து, மேற்குக் கரையில் வான்கூவரை அடுத்த போர்ட் கொக்விட்லம் என்னும் ஊரில் வளர்ந்த டெரி ஃபாக்ஸ் என்பவரைப் பற்றி உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் பெயரால் நடக்கும் ஓட்டம் நம் சென்னையிலேயே ஐ.ஐ.டி. வளாகத்தில் நடந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு படிக்கையில் கூடைப்பந்து அணியில் எப்படியோ இடம்பிடித்த அந்தக் குள்ளப் பையனுக்கு, பருவம் முழுவதிலும் ஆட்டக்களத்தில் கிடைத்தது ஒரே ஒரு நிமிஷம். அவன் மனம் சலிக்காமல் தினமும் பந்தோடு மல்லுக்கு நின்று, பத்தாம் வகுப்பில் அணியின் முதல் ஐவரில் ஒருவனானான். பிற்காலத்தில் உலகம் வியந்த குணத்தின் வித்து அந்த ஒரு நிமிஷத்தில் இருக்கிறதென்றே நான் நினைக்கிறேன்.

1977-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பதினெட்டு வயதில், அவருடைய வலது முழங்காலில் எலும்புப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்தின இரவு, பழைய கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். செயற்கைக் காலோடு நியூயார்க் மாரத்தானை ஓடி முடித்த டிக் ட்ராம் என்பவரைப் பற்றிய கட்டுரை அதில் இருந்தது. மறுநாள் தம் காலை இழக்கப்போகும் ஒருவருக்கு ஓட்டத்தைப் பற்றிய கட்டுரையைக் கொடுப்பதற்கு எத்தகைய துணிவும் எத்தகைய அன்பும் வேண்டும் என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். அதன்பின் பதினாறு மாத காலம் மருந்துச் சிகிச்சை. பிழைப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று வைத்தியர்கள் சொன்னார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே நோய் வந்திருந்தால் அந்த வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்துதான் என்பதையும் அவர் அறிந்தார். அந்த வித்தியாசத்தை உண்டாக்கியது ஆராய்ச்சி; ஆராய்ச்சியை உண்டாக்கியது பணம். தம்மோடு அதே சிகிச்சைக்கு வந்து, நாளடைவில் வராமலே போய்விட்டவர்களின் முகங்களை மறக்க மாட்டாத அந்த இளைஞர், கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரையில் ஓடி அந்தப் பணத்தைத் திரட்டுவதென்று தீர்மானித்தார்.

தீர்மானித்ததும் ஓடிவிட்டார் என்று நினைக்காதீர்கள். 1979-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பயிற்சியைத் தொடங்கினார். முதலில் முடிந்தது அரை மைல். செயற்கைக் காலை ஊன்றியதும் அதிலுள்ள வில்சுருள் தன் நிலைக்கு மீள ஒரு கணம் பிடிக்கும். அந்தக் கணத்தைக் கடப்பதற்காக நல்ல காலால் இரண்டு முறை குதித்து, பிறகு மற்றக் காலை வீசிப்போடும் விநோதமான ஒரு நடையை அவர் தமக்கென்று உண்டாக்கிக்கொண்டார். எடுத்த காலின் அடிப்பகுதி செயற்கைக் காலோடு உராய்ந்து கொப்புளமாகும், ரத்தம் கசியும். புறப்பட்டு இருபது நிமிஷம் ஆன பிறகு ஒரு வாசலைத் தாண்டினாற்போல் வலி தணிந்து ஓட்டம் இலகுவாகும் என்பதையும் அவர் அநுபவத்தில் கண்டார். ஆனால் அந்த இருபது நிமிஷத்தைத் தினமும் புதிதாகத் தாண்டியாக வேண்டும். கிறிஸ்துமஸ் தினத்தன்று மட்டும் தாயார் கேட்டுக்கொண்டதற்காக ஓடாமல் இருந்தார். இடையில் பிரின்ஸ் ஜார்ஜ் என்ற ஊரில் பதினேழு மைல் பந்தயம் ஒன்றில் கலந்துகொண்டு, தமக்கு முன்னால் வந்தவருக்கும் பத்து நிமிஷம் பிந்தி, எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தார். கடைசியில் வருகிறவர்களின் ஜாதியில் அவரும் ஒருவர் என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை.

1980 ஏப்ரல் 12-ஆம் தேதி நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்து நீரில் செயற்கைக் காலை நனைத்துவிட்டுப் புறப்பட்டவர், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மாரத்தான் தூரமாகிய 42 கிலோமீட்டர் வீதம், 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். செப்டம்பர் முதல் தேதி தண்டர் பே நகருக்கு வெளியே இருமலும் மார்வலியும் அவரை நிறுத்திவிட்டன; நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. மேற்கே பசிபிக் சமுத்திரத்தில் ஊற்றுவதற்கென்று ஒரு பாட்டிலில் எடுத்துவந்த அட்லாண்டிக் நீரை ஊற்றுவதற்கு அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1981 ஜூன் 28-ஆம் தேதி, இருபத்துமூன்று வயது நிறைய ஒரு மாதம் இருக்கையில், காலமானார்.

இவையெல்லாம் பலரும் அறிந்தவை. ஆனால் பலரும் நின்று பார்க்காமல் தாண்டிப் போகிற ஒரு கணக்கு இதில் உண்டு. புறப்படுவதற்கு முன் பயிற்சியில் மட்டும் அவர் ஓடிய தூரம் 5,083 கிலோமீட்டர். பதாகையும் பத்திரிகையும் போலீஸ் வண்டியும் கூட வர அவர் தேசத்தை ஊடுருவி ஓடிய தூரமும், ஒருவரும் கூட வராமல் தம் ஊர்த் தெருக்களில் ஓடிய தூரமும் ஏறக்குறைய ஒன்றே. உலகம் கண்டது இரண்டாவது ஐயாயிரத்தை. முதல் ஐயாயிரத்துக்குக் கைதட்டல் கிடையாது, ஒரு டாலர் நன்கொடையும் கிடையாது. அந்த அரை மைல்கள்தான் அவருடைய பிடியரிசி.

பணம் சேர்ந்த கதையும் இதே கதைதான். ஆரம்பத்தில் பல ஊர்களில் அவரை ஏனென்று கேட்பாரில்லை. நியூஃபவுண்ட்லாந்தின் மறு கோடியிலுள்ள போர்ட் ஓ பாஸ்க் என்னும் பத்தாயிரம் ஜனங்கள் வாழும் ஊருக்கு அவர் வந்து சேர்ந்தபோது, அந்த ஊரார் பத்தாயிரம் டாலருக்கு மேல் திரட்டிவைத்திருந்தார்கள். தலைக்கு ஒரு டாலர்! தேசத்தின் இரண்டு கோடியே நாற்பது லட்சம் ஜனங்களிடமும் ஆளுக்கு ஒரு டாலர் பெற வேண்டும் என்பது அவருடைய லட்சியமாக உருவாயிற்று. அவர் ஓட்டத்தை நிறுத்திய அன்று சேர்ந்திருந்தது சுமார் பதினேழு லட்சம் டாலர். ஆனால் அவர் படுக்கையில் இருக்கையிலேயே, 1981 பிப்ரவரியில், அந்தத் தொகை இரண்டு கோடியே நாற்பத்தொரு லட்சத்தைத் தாண்டிற்று; தலைக்கு ஒரு டாலர் என்ற சொல் நிறைவேறியதை அவர் கண்ணால் கண்டார். அந்த ஆண்டு செப்டம்பர் 13-ஆம் தேதி அவர் பெயரால் நடந்த முதல் ஓட்டத்தில் மூன்று லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். அதில் பந்தயம் கிடையாது, பரிசும் கிடையாது. இன்றளவும் அந்த நியமம் மாறவில்லை.

அவரிடமிருந்து நாம் கற்கக் கூடாத ஒன்றும் உண்டு என்பதை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். வலியைப் பொருட்படுத்தாமல் ஓடினார். வைத்தியர்களிடம் போக வேண்டிய தவணைகளை ஓட்டத்துக்காக ஒதுக்கினார். பிழைப்பதே பாதிக்குப் பாதி என்று கேட்ட ஒருவருக்கு அது பொருந்தியிருக்கலாம்; நமக்குப் பொருந்தாது. ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்டப் புறப்பட்டு நாமே அங்கே போய்ப் படுத்துக்கொள்வதைப் போன்ற அபத்தம் வேறு இல்லை. ஆகையால் அவருடைய கிரமத்தை எடுத்துக்கொள்வோம், பிடிவாதத்தை விட்டுவிடுவோம்.

இனி நம்முடைய பயிற்சிக்கு வருகிறேன். நாற்பது வயது தாண்டியவர்களும், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் இந்த வாரத்திலேயே டாக்டரைப் பார்த்து அநுமதி பெற்றுக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு வாரங்களில் நாலு நிமிஷம் நடை, ஒரு நிமிஷம் ஓட்டம் என்ற கணக்கு. அதற்குமேல் ஓட முடிகிறவர்களும் ஓடக் கூடாது. ஓடுகிறபோது பக்கத்தில் வருகிறவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். வாரத்துக்கு நாலு நாள் ஓட்டம், மூன்று நாள் ஓய்வு. ஓய்வும் பயிற்சியில் சேர்ந்ததே. ஞாயிற்றுக்கிழமை நெடுவோட்டம்; பயிற்சியாளர்கள் அதை லாங் ரன் என்பார்கள். வாரத்துக்கு வாரம் மொத்த தூரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாமலிருப்பது உத்தமம். ஷூ வாங்கப் போகிறவர்கள் சாயங்காலத்தில் போங்கள், பகலெல்லாம் நடந்த பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும்.

இந்தப் பத்தில் ஒரு பங்கு விதியை நான் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டேன். சென்ற ஆண்டு ஐந்தாவது வாரத்தில், ஆரம்பத்தில் கடற்கரைக் காந்தி சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரையில்கூடப் போக மாட்டாமல் நின்ற எனக்கு, திடீரென்று மூச்சு சீராக வருவதை உணர்ந்தேன். வாலிபம் திரும்பிவிட்டதாகவே எண்ணி, அந்த வாரத் தூரத்தை இரண்டு மடங்காக்கினேன். மூன்றாம் நாள் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் ஊசியால் குத்துகிறாற்போல் ஒரு வலி. மூன்று வாரம் சாய்வு நாற்காலியில் சயனம். தேகத்தில் எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் கற்றுக்கொள்வதில்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன். இருதயமும் மூச்சும் சில வாரங்களிலேயே பாடம் படித்துவிடுகின்றன. எலும்பும் தசைநாரும் அதே பாடத்துக்குப் பல மாதங்கள் எடுத்துக்கொள்கின்றன. கெட்டிக்காரப் பிள்ளையின் வேகத்தில் வகுப்பை நடத்தினால் மற்றப் பிள்ளைகளின் கதி என்னவாகும் என்பது உபாத்தியாயர்களுக்குத் தெரியும்.

சென்னையில் ஓடுகிறவனுக்கு மற்றொரு விரோதி, காற்றிலுள்ள ஈரம். வியர்வை உலரும்போதுதான் தேகம் குளிர்கிறது. கடற்கரைக் காற்றில் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருப்பதால் உள்ளே சூடு ஏறுகிறது. அதனால்தான் சூரியோதயத்துக்கு முன்பே புறப்படச் சொல்கிறோம். ஓடி முடித்ததும் வெறும் தண்ணீரோடு நிறுத்தாமல், உப்புப் போட்ட நீர்மோர் ஒரு தம்ளர் அருந்துங்கள். வியர்வையில் போன உப்புக்கு அது ஈடுசெய்யும்.

இவ்வாறு பதினாறு வாரம் கிரமமாக ஓடினால், ஒவ்வொருவரும் ஏறக்குறைய 250 கிலோமீட்டர் ஓடியிருப்பீர்கள். ஜனவரியில் ஊரார் பார்க்கப்போவது பத்து. மற்றதெல்லாம் இருட்டில் கலயத்தில் விழுந்த பிடிகள்.

இப்போது என் நண்பரின் கேள்விக்குத் திரும்புகிறேன். பணத்தை நேரே கொடுத்துவிடலாமே என்றார். கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் நம்மில் ஒருவர் தம் பையிலிருந்து கொடுக்கக் கூடியது ஒரு சிறு தொகை. அதைவிடப் பெரியது, அவர் நாற்பது வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கக் கூடியது. கேட்பதுதான் கஷ்டம். நல்ல காரியத்துக்கே ஆனாலும், பிறரிடம் கையை நீட்டுவதற்கு மானமுள்ள மனிதனுக்குக் கூச்சம் வரும். அந்தக் கூச்சத்தைப் போக்குவது எது? பிள்ளைக்கு வைசூரி கண்டால் தாய் தன் உடம்பை வருத்திக்கொள்வதாக வேண்டிக்கொண்ட தேசம் இது. பிறர் நோய்க்காகத் தன் தேகத்தைப் பணயம் வைப்பது நமக்குப் புதிதல்ல. விரதமிருந்து நடக்கிறவன் வீட்டு வாசலில் வந்து நின்றால், அவனை நாம் பிச்சைக்காரன் என்று நினைப்பதில்லை. கேட்கிறவன் முதலில் தன் பங்கைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான் என்பது தெரிந்தால், கொடுக்கிறவனுக்கும் மனம் இளகுகிறது.

என் தெரு முனையில் வேப்ப மரத்தடியில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடுகிறவர் ஒருவர் இருக்கிறார். நான் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து, அவர் கரிப்பெட்டியில் நெருப்பை விசிறிக்கொண்டிருக்கிற வேளையில் அவரைத் தாண்டிப் போவேன்; ஒருநாளும் நாங்கள் பேசியதில்லை. சென்ற ஆண்டு ரசீதுப் புத்தகத்தோடு தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கியபோது, அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவருடைய நாள் வருமானம் எனக்குத் தெரியும். தாண்டிப் போனவனை அவரே கூப்பிட்டார். மடித்த சட்டையை வண்டியின் மேல் வைத்துவிட்டு, கை விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்றை நீட்டினார். "நீங்க ஓடுற நாளெல்லாம் பார்க்கிறேன் சார். கால் நொண்டின நாளு போக, மழ கொட்டின அன்னிக்கு மட்டுந்தான் காணோம்" என்றார். பெயர் எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

நான் மழைக்குப் பயந்து போர்வைக்குள் கிடந்த அந்த ஒரு நாளை, நானே மறந்துபோயிருந்தேன்; அவர் மறக்கவில்லை. அந்த ஐம்பது ரூபாய் பந்தய தினத்துக்காகத் தரப்பட்டதன்று. பந்தய தினத்தில் அவர் கடற்கரைக்கு வரவும் இல்லை. மற்ற நாட்களுக்காகத் தந்தார். என் நண்பர் கேட்ட கேள்விக்கு என்னிடமுள்ள விடை இதற்குமேல் இல்லை.

யாரும் பார்க்காத நாட்களின் வலிமைக்கு நம் ஊரிலேயே பெரிய சாட்சி ஒன்று உண்டு. உடன்பிறந்த சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்த நோய்க்கென்று ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்ற எண்ணத்தை நெடுங்காலம் நெஞ்சில் சுமந்து, 1952-இல் நேருவின் கையால் அஸ்திவாரக் கல் நாட்டச் செய்து, 1954-இல் அடையாறில் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிவைத்தார். தங்கையின் மரணத்துக்கும் அந்தப் பன்னிரண்டு படுக்கைகளுக்கும் இடையே ஓடிய காலம் முப்பது ஆண்டு. இன்று தேசத்தின் எல்லாத் திசையிலிருந்தும் நோயாளிகள் வந்து சேருகிற அந்த ஸ்தாபனத்தைப் பார்க்கிறவர்கள் அந்த முப்பது ஆண்டுகளைப் பார்ப்பதில்லை.

அன்பர்களே! ஐப்பசியும் கார்த்திகையும் வருகின்றன. மழை கொட்டும் நாட்கள் இருக்கும். எழுந்திருக்க மனமில்லாத காலைகள் அவற்றைவிட அதிகமாக இருக்கும். அப்படிப்பட்ட காலையில் ஒரே ஒரு கிலோமீட்டராவது நடந்துவிட்டு வாருங்கள். கலயத்தில் அன்றைய பிடி விழட்டும். நாளைக் காலை ஐந்தரை மணிக்குக் காந்தி சிலை எதிரில் கூடுகிறோம். முதல் நாள் பாடம் இருபது நிமிஷம்; அதில் ஓட்டம் நாலே நிமிஷம். தண்ணீர் கொண்டுவர மறக்க வேண்டாம். ரசீதுப் புத்தகத்தை இப்போதே கேட்கிற அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: அது மூன்றாம் மாதத்தில்தான் உங்கள் கைக்கு வரும்.